நூலும் வாழ்வும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நூலறிவு பெற்றும் உலகியல் அறியாதவரை எள்ளுதற்கு இதனைக் கையாளுவர். இப்பழமொழியில் உண்மை இல்லாமல் இல்லை. நூறு நூல்களைக் கற்றும் அண்டை வீட்டாரின் துன்பத்தை உணராதவர் உலகில் உளர். அறநூல்களைத் தடையின்றி ஒப்புவித்துவிட்டு, அறமல்லாதனவற்றைத் தயக்கமின்றிச் செய்வோரும் உளர். இத்தகையோரைக் காணும் ஒருவர், நூலுக்கும் வாழ்வுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு செய்தல் எளிது. ஆயினும் அம்முடிவு பிழையானது. ஒருவரது வாழ்வின் போக்கை ஒரு நூல் மாற்றியமைத்த வரலாறுகள் பல உண்டு. அவற்றுட் சில, வங்கக் கடலோரத்திலுள்ள புதுச்சேரி நகரில், ஒரே காலத்தில், ஒருவரையொருவர் நன்கறிந்த சிலரது வாழ்வில் நிகழ்ந்தன. அவற்றை ஆராய்ந்து நோக்கினால், ஒரு நூல் எப்பொழுது ஏட்டளவில் நின்றுவிடுகிறது என்பதும், எப்பொழுது வாழ்வாக மலர்கிறது என்பதும் தெளிவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில்தான் அது இந்திய ஆட்சியோடு இணைந்தது. ஆங்கில அரசின் சட்டம் அந்நகரில் செல்லாது. ஆதலால், ஆங்கில ஆட்சியை எதிர்த்த தேசபக்தர் சிலர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். சுப்பிரமணிய பாரதியார் 1908-ஆம் ஆண்டில் வந்தார். 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அரவிந்தரும், அவ்வாண்டின் இறுதியில் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். அடைக்கலம் கிடைத்ததேயன்றி அமைதி கிடைக்கவில்லை. ஆங்கில அரசின் ஒற்றர் தெருமுனைகளில் நின்று, இவர்கள் வீட்டுக்கு வருவோரையும் போவோரையும் கண்காணித்தனர். பாரதியார் நடத்திய ‘இந்தியா’ இதழ் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. அதனால் 1910-ஆம் ஆண்டில் அவ்விதழ் நின்றது. நிலையான வருவாய் இல்லை. பிறந்த ஊருக்குச் செல்ல வழியில்லை. இவர்களுக்கு எஞ்சியவை நண்பர்களும், கடற்கரையும், நூல்களுமே. இந்நிலையில் நூல்கள் பொழுதுபோக்குக்குரிய பொருள்களாய் இருக்க இயலாது. அவை சோர்ந்த உள்ளத்தைத் தாங்கும் துணையாயின; மேற்கொள்ள வேண்டிய நெறியை உணர்த்தும் ஆசான்களாயின.

அந்நாளில் அவர்கள் கூடிக் கற்ற முறை கருதத்தக்கது. அரவிந்தர் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். பாரதியார் தமிழ்மரபில் ஊறியவர். இருவரும் வேத நூல்களைச் சேர்ந்து ஆய்ந்தனர். பாரதியார் பகவத்கீதையைத் தமிழாக்கினார். பதஞ்சலியின் யோக நூலின் முதற்பகுதியையும் தமிழில் தந்தார். அரவிந்தரோ பாரதியாரின் துணைகொண்டு ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகராழ்வார் ஆகியோர் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் ‘ஆரியா’ இதழில் வெளியிட்டார். கற்றதைத் தமக்குள் பூட்டி வைக்காமல், ஒருவர் மற்றொருவருக்கு அளித்தும், அவரிடமிருந்து பெற்றும் வளர்ந்தனர். பெற்றது கொடுக்கும்போது குறையாது பெருகுவது கல்வி ஒன்றேயன்றோ!

பாரதியாரின் நூற்பற்று புதுச்சேரியில் தோன்றியதன்று. இளமையில் எட்டயபுரத்தில் இருந்தபோதே அவர் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் பாடல்களில் ஈடுபட்டார். ‘ஷெல்லிதாசன்’ என்று தமக்குப் புனைபெயரும் சூட்டிக்கொண்டார். தாசன் என்னும் சொல் அடிமை என்று பொருள்படும். நாட்டின் அடிமைத்தளையை அறுக்கப் பாடிய கவிஞர், ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒரு புலவருக்குத் தம்மைத் தாசன் என்று கூறிக்கொள்வதா என்று சிலர் வியக்கலாம். ஷெல்லி 1792-ஆம் ஆண்டு பிறந்து, முப்பது வயது நிறைவதற்கு முன்பே 1822-ஆம் ஆண்டில் மறைந்தவர். தம் நாட்டு அரசின் கொடுமையை அஞ்சாது கண்டித்தவர். மனிதன் எவ்வகைத் தளையுமின்றி வாழ வேண்டும் என்று பாடியவர். எனவே, பாரதியார் தலை வணங்கியது ஆங்கிலேயருக்கன்று. ஆங்கில மொழியில் வெளிப்பட்ட விடுதலை வேட்கைக்கு எனலாம்.

ஷெல்லியிடம் பெற்றதைப் பாரதியார் என்ன செய்தார் என்பதே இங்குக் காணத்தக்கது. அவர் ஆங்கிலக் கவிதையின் போலியைத் தமிழில் செய்து வைக்கவில்லை. அயல்மொழிப் புலவரிடம் பெற்ற கனலைக் கொண்டு தம் வீட்டு விளக்கையே ஏற்றினார். எளிய சொற்களையும், எளிய நடையையும், பொதுமக்கள் விரும்பும் மெட்டுகளையும் கையாண்டு தமிழ்ப் பாட்டுக்குப் புத்துயிர் அளித்தார். 1912-ஆம் ஆண்டில் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வியாசரின் பாரதத்தைத் தழுவியது. பழைய கதைதான், ஆயினும், அவையின் நடுவே மானமிழந்து நின்ற பாஞ்சாலியிடம் தமிழ் மக்கள் தம் நாட்டின் நிலையைக் கண்டனர். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் புதுமுறைக் கவிதையும் அவர் கருத்தைக் கவர்ந்தது. அவருடைய வசன கவிதைகள் தமிழில் ஒரு புது வழியைத் திறந்தன. மேலை நாட்டு நூலும் கீழை நாட்டு நூலும் அவர் உள்ளத்தில் கலந்தன. வெளிவந்த ஓசையோ முற்றும் தமிழோசையாகவே இருந்தது. உண்மையான நூற்பயிற்சி ஒருவரைத் தம் இயல்பிலிருந்து விலக்காது, அவ்வியல்பை வளர்க்கும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த மற்றொருவரைக் காண்போர் இவ்வுண்மையின் வேறொரு கூற்றை உணர்வர். கனக சுப்புரத்தினம் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்தார். புலவர்களிடம் பழைய முறைப்படி இலக்கணமும் இலக்கியமும் பயின்றார். 1909-ஆம் ஆண்டில், பதினெட்டாம் வயதில், தமிழாசிரியரானார். ஒரு திருமண வீட்டில் அவர் பாரதியாரின் பாடலொன்றைப் பாடினார். பாடலை இயற்றியவர் அவ்வவையிலேயே அமர்ந்திருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. பாடலின் பொருளை உணர்ந்து பாடிய இளைஞரைப் பாரதியார் விரும்பித் தம் வீட்டுக்கு வருமாறு அழைத்தார். அச்சிலே கண்ட பாட்டு, பாட்டைச் செய்த மனிதரிடமே அவரைக் கொண்டு சேர்த்தது. கடின நடையில் செய்யுள் இயற்றிப் பழகிய அப்புலவர், எளிமையின் ஆற்றலைப் பாரதியாரிடம் கண்டார். ‘பாரதிதாசன்’ என்று பெயர் பூண்டார். ஷெல்லிதாசனுக்கு ஒரு தாசன் கிடைத்தார்.

இந்தத் தாசனும் தம் ஆசானின் நிழலாகிவிடவில்லை. பாரதியார் தெய்வப்பற்று மிக்கவர், சக்தியை வழிபட்டவர். பாரதிதாசனும் தொடக்கத்தில் பக்திப் பாடல்களை இயற்றினார். 1926-ஆம் ஆண்டில் வெளிவந்த மயிலம் சுப்பிரமணியர் துதியமுது அவ்வகையைச் சேர்ந்தது. பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபட்டுப் பகுத்தறிவு நெறியைப் பாடலானார். கடவுட் கொள்கையில் ஆசானும் மாணவரும் இருவேறு திசைகளில் நின்றனர். இயக்கத்தாருட் சிலர், மாறுபட்ட கருத்துடைய ஒருவருக்குத் தாசன் என்னும் பெயர் தகுமா என்று வினவினர். அவர் அப்பெயரைக் கைவிடவில்லை. சாதி வேற்றுமையைச் சாடும் துணிவையும், பெண்மையைப் போற்றும் பண்பையும், மக்கள் மொழியில் கவிதை செய்யும் நெறியையும் தமக்கு அளித்தவர் பாரதியார் என்பதை அவர் மறக்கவில்லை. பெற்ற நன்றியையும் தம் கருத்துரிமையையும் ஒருசேரக் காத்தார்.

மாணவர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். ஒரு நூலைப் போற்றுவதென்றால் அதன்கண் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒப்புக்கொள்வது என்று பொருளன்று. ஆசிரியரோடு உடன்படும் இடத்தில் நன்றியும், மாறுபடும் இடத்தில் நேர்மையும் காட்டுபவரே நல்ல கற்போர் ஆவர். இவ்வாறே பின்னர் இராசகோபாலன் என்னும் இளைஞர் பாரதிதாசனுடன் புதுச்சேரியில் தங்கிப் பணிபுரிந்தார். சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்பெயர் சுருங்கிச் சுரதா ஆயிற்று. அவரும் ஆசானைப் பின்பற்றியதோடு நில்லாது, உவமைக் கவிஞர் என்று தமக்கெனத் தனிப்புகழ் பெற்றார். ஒரு தாசர் மற்றொரு தாசருக்கு வழிவிட்டார். ஆயினும் இவர்களுள் எவரும் அடிமையாக வாழ்ந்தவரல்லர்.

கவிஞர்களுக்கு நூல் பயன்படுதல் இயல்பே, செயல் வீரருக்கு அதனால் யாது பயன் என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு வ. வே. சு. ஐயரின் வாழ்வு விடையளிக்கும். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881-ஆம் ஆண்டில் பிறந்த அவர், பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் மாநகருக்குச் சென்றார். அங்கே இந்தியா ஹவுஸ் என்னும் விடுதியில் கூடிய புரட்சியாளரோடு சேர்ந்தார். ஆயுதம் ஏந்தியே நாட்டை மீட்க இயலும் என்று நம்பினார். காவலர் பிடியினின்று தப்பி, மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து புதுச்சேரி வந்து சேர்ந்தார். உடற்பயிற்சியிலும் துப்பாக்கிப் பயிற்சியிலும் வல்லவரான அவர், ஹோமர், வர்ஜில், மில்டன் முதலியோரின் காப்பியங்களையும் கம்பனையும் ஒருங்கே கற்றவர். தாம் நிறுவிய பதிப்பகத்துக்குக் கம்ப நிலையம் என்றே பெயரிட்டார்.

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. செப்டம்பர்த் திங்களில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே அணியில் நின்றமையால், புதுச்சேரியில் இருந்த தேசபக்தரின் நிலை மேலும் இடர்ப்பட்டது. அவர்களை ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத அந்நாளில், ஐயர் ஒரு பணியைத் தேர்ந்தெடுத்தார். தமிழுக்குத் தம்மால் இயன்ற நிலையான தொண்டு ஒன்றைச் செய்துவிட்டுச் செல்ல எண்ணி, திருக்குறள் முழுவதையும் ஆங்கில உரைநடையில் பெயர்க்கத் தொடங்கினார். ஆயிரத்து முந்நூற்று முப்பது குறட்பாக்களையும் சில திங்களில் பெயர்த்து முடித்தார். அம்மொழிபெயர்ப்பு 1916-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

மொழிபெயர்ப்பு என்பது மிகக் கூர்ந்த படிப்பு. வெறுமனே படிப்போர் ஒரு சொல்லைக் கடந்து சென்றுவிடலாம். மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு சொல்லின் முன்பும் நின்று, அதன் பொருளை எடைபோட்டே மேற்செல்ல இயலும். இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்தையும், கொல்லாமை என்னும் அதிகாரத்தையும் துப்பாக்கி பழகிய கையால் ஐயர் எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1908-ஆம் ஆண்டில், இரஷ்யப் பேரறிஞர் டால்ஸ்டாய், ஓர் இந்தியப் புரட்சியாளருக்கு விடையாக ஒரு நெடுங்கடிதம் எழுதினார். வன்முறையால் விடுதலை கிட்டாது என்பதை நிறுவும் அக்கடிதத்தில், இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறட்பாக்கள் சிலவற்றின் கருத்தை எடுத்துக்காட்டினார். 1909-ஆம் ஆண்டில் அக்கடிதத்தைக் கண்ட காந்தியடிகள், தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலிலேயே அதைக் குசராத்தி மொழியில் பெயர்த்தார். தமிழ்நாட்டில் தோன்றிய அறக்கருத்து இரஷ்ய நாட்டு வழியாகக் காந்தியடிகளை அடைந்தது. அதே ஆண்டில் இலண்டனில் இருந்த ஐயரோ, காந்தியடிகளின் நெறிக்கு மாறான குழுவைச் சேர்ந்தவர்.

போர் முடிந்த பின்னர், 1920-ஆம் ஆண்டில் ஐயர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். ஆயுதப் புரட்சியை நாடாமல், காந்தியடிகள் காட்டிய அறவழி இயக்கத்தில் ஈடுபட்டார். ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். அவ்விதழில் வெளிவந்த தலையங்கம் ஒன்றுக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். பெல்லாரிச் சிறையிலும் அவர் வாளாவிருக்கவில்லை. கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். அவருடைய மனமாற்றத்துக்குக் குறள் ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். காலமும், அனுபவமும், காந்தியடிகளின் தலைமையும் அதில் பங்கு கொண்டன. எனினும், ஒரு பேரற நூலோடு நாள்தோறும் பழகிய உள்ளம், அறத்தின் அழைப்பு வந்தபோது அதனை அடையாளம் கண்டுகொள்ளும் என்பது பொருந்தாத கூற்றாகாது. நூல் செய்யும் உதவி பெரும்பாலும் இத்தகையதே. அது உள்ளத்தைப் பண்படுத்தி வைக்கிறது. விதை விழும் நாளில் நிலம் ஆயத்தமாய் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடைபெற்றது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குப் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவளிக்கப்பட்டது. தேசியத்தை வளர்க்கும் பள்ளியில் பந்தி வேற்றுமை கூடாது என்று வரதராசுலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி முதலிய தலைவர்கள் எதிர்த்தனர். தமிழ்நாடெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1925-ஆம் ஆண்டில் ஐயர் குருகுலப் பொறுப்பினின்றும் விலகினார். அவ்வாண்டு ஜூன் திங்களில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காக்க முயன்று உயிர் துறந்தார். ஐயர் சாதி வேற்றுமை பாராட்டாதவர் என்பதை அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். ஆயினும், பிறப்பினால் எல்லா உயிரும் ஒக்கும் என்று உரைக்கும் நூலை மொழிபெயர்த்தவரது பள்ளியில், இரு பிள்ளைகளுக்கு இலை வேறிடத்தில் போடப்பட்டது. பெரியோருக்கும் கற்றதற்கும் நடத்தைக்கும் இடையே ஓர் இடைவெளி நேர்ந்துவிடுகிறது. அவ்விடைவெளியைச் சுட்டிக்காட்டும் உரிமையையும் நூல்களே மக்களுக்கு அளிக்கின்றன. ஆதலால் ஒருமுறை கற்றதோடு அறநூலின் பணி முடிந்துவிட்டது என்று எவரும் எண்ணுதல் கூடாது. அது வாழ்நாள் முழுவதும் கற்பவரை நோக்கி வினவிக்கொண்டே இருக்கும்.

இனி, இத்தகைய நூல்கள் யாருக்குக் கிடைக்கின்றன என்பதும் ஆராயத்தக்கது. புதுச்சேரியின் பொது நூலகம் 1827-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆளுநர் ஒருவரால் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாய் இருந்தது. பின்னரே அதன் கதவுகள் எல்லாருக்கும் திறக்கப்பட்டன. இன்று அது ரோமன் ரோலண்ட் நூலகம் என்று வழங்குகிறது. நோபல் பரிசு பெற்ற அப்பிரெஞ்சு எழுத்தாளர் இந்திய மண்ணை ஒருமுறையேனும் மிதித்தவரல்லர். எனினும் நூல்களின் வாயிலாகவும், கடிதங்களின் வாயிலாகவும் இந்தியாவை அறிந்து, காந்தியடிகள், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளை எழுதினார். கடல் கடந்த நாட்டை அன்போடு அறிவதற்கு நூல் பாலமாகும் என்பதை அவர் பெயர் நினைவூட்டுகிறது. பாரதிதாசனும் ‘புத்தக சாலை’ என்னும் தலைப்பில் கவிதை இயற்றி, நூல் நிலையங்கள் ஊர்தோறும் பெருக வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரு சிலர் மட்டும் கற்று உயர்வதால் நாடு உயராது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். நூல் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் நூல் கிடைக்கச் செய்தல் சமுதாயத்தின் கடமை. கிடைத்த நூலைப் பயன்படுத்துதல் அப்பிள்ளையின் கடமை.

ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லமும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த இல்லமும் இன்று நினைவகங்களாய் விளங்குகின்றன. அங்குச் செல்லும் மாணவர், கவிஞர்கள் எழுதியவற்றை மட்டும் எண்ணாது, அவர்கள் கற்றவற்றையும் எண்ணுதல் நலம். அவர்களுள் ஒருவரும் கற்ற நூல்களின் எண்ணிக்கையால் பெருமை பெறவில்லை. ஒருவர் கற்ற கவிதையால் தம் மொழிக்குப் புதுநெறி வகுத்தார். ஒருவர் ஆசானின் பாடலைக் கற்று, ஆசான் செல்லாத வழியிலும் துணிந்து சென்றார். ஒருவர் நாடு கடத்தப்படும் அச்சத்தின் நடுவே அறநூலொன்றைச் சொல் சொல்லாகப் பெயர்த்தார். நூலிடமிருந்து பெற்றதற்கு ஈடாக ஒவ்வொருவரும் தம் உழைப்பைத் திருப்பி அளித்தனர். கற்ற நூலுக்குக் கற்றவர் பட்ட கடன் அதுவே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி, ஏட்டை மூடி வைத்துவிட்டு அமர்ந்திருப்போருக்கே பொருந்தும். மாணவர் கற்கும் நூல்களுள் ஒன்றையேனும் தமக்கு உரியதாக்கிக்கொள்ளுதல் வேண்டும். அதை மீண்டும் மீண்டும் கற்று, ஐயம் எழுந்தால் வினவி, மாறுபட்டால் மாறுபாட்டை நேர்மையாக உரைத்து, உடன்பட்டால் உடன்பட்டபடி நடத்தல் வேண்டும். தேர்வு முடிந்ததும் நூலை மறந்துவிடுவோர் மதிப்பெண்ணை மட்டுமே பெறுவர். அதனோடு வாழ்பவரோ, அந்நூலால் தாமும் வளர்ந்து, தம்மால் பிறரும் வளரத் துணை நிற்பர்.